கம்மாபுரத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை

பண்ருட்டி
19 ஜனவரி 2025

மாமாவுக்கு,

சோபியா எழுதுகிறேன். உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருப்பது அக்கா சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனில் நீங்கள் என்னைப் பேச விட மாட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பேசி, முடிவும் சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா, அதனால்தான் இது.

போன வருஷம் எனக்கு ஹேம் ரேடியோ லைசென்ஸ் வந்தபோது நீங்கள் வாங்கிக் கொடுத்த கைச்செட்டை ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சார்ஜரும் உறையும் அதே பையில் இருக்கின்றன. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் இனி நெய்வேலிக்கு வரப்போவதில்லை. அங்கே பார்த்த நர்சரி ஸ்கூல் வேலையையும் விட்டுவிட்டேன். இங்கே அம்மாவோடு இருந்துகொண்டு ஒரு முந்திரிக் கம்பெனி ஆபீசுக்குப் போய் வருகிறேன்.

புயல் அன்று என்ன நடந்தது என்று நீங்கள் என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கம்மாபுரத்துக்கு அப்பால் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை உட்கார வைத்தது நீங்கள். போன் டவர் விழுந்தால் ஹேம்கள்தான் ஊருக்கு வாய் என்று சொன்னதும் நீங்கள். மதியம் டவர் செத்தது. வகுப்பறை முழுக்க ஜனம். மாட்டை அவிழ்த்துவிடப் போன கலியமூர்த்தியைத் தண்ணீரில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. உங்கள் நிலக்கரி மைன்ஸிலேயே கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி பெரியநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வரச் சொல்லும்மா, சீக்கிரம் சொல்லும்மா" என்றார். நான் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டேன்.

நீங்கள் எல்லோரும் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது மாமா. கம்மாபுரம் யூனியன் ஆபீஸ் வாசலில் ஜீப் சும்மா நிற்கிறது, யாருக்காவது வேண்டுமா என்று நம் கிளப் ஜெயகணேஷ் விசாரித்தது கேட்டது. எல்லோரையும் முறைப்படுத்துகிற கன்ட்ரோலில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன பதிலும் கேட்டது. "கம்மாபுரத்துலேர்ந்து யாரும் கூப்பிடல. அங்க தேவை இல்ல. ஜீப்ப குறிஞ்சிப்பாடி பக்கம் அனுப்பிடுங்க." அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஒரு டிராக்டர் கிடைத்த பிறகுதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு நெட்டில், மாவட்டத்து ஹேம்கள் எல்லோரும் ஒரே சேனலில் கூடி முறை வைத்துப் பேசுகிற நேரத்தில், ரேடியோவில் என் பெயராக இருக்கும் கால்சைனைச் சொல்லி நீங்கள் பேசினீர்கள். "செட்டக் கழுத்துல மாட்டிக்கினு போட்டோ எடுக்க லைசென்ஸ் வேணாம். புயல் அன்னிக்குத் தூங்கறதுக்கும் வேணாம்." தங்கள் முறை வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அப்போதே செட்டை எடுத்து, தூங்கவில்லை, கூப்பிட்டேன் என்று பதில் சொன்னேன். காதிலேயே விழாத மாதிரி அடுத்தவருக்குப் போய்விட்டீர்கள்.

எங்கோ நான் தப்பு செய்திருக்கிறேன். என்ன தப்பு என்றுகூடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

சோபியா

*

சேசு மரி சூசை துணை

நெய்வேலி, பிளாக் 11
27 ஜனவரி 2025

அன்புள்ள சோபியாவுக்கு,

மாமா ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. என் வாயை அடைக்க நீ கண்டுபிடித்த வழி நன்றாகத்தான் இருக்கிறது. உன் அக்கா படித்துவிட்டு அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. வீட்டில் இப்படி ஒரு அமைதி கிடைத்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?

சிரிப்பு இருக்கட்டும். நெட்டில் நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். அது உண்மை. சொந்த மச்சினி என்று விட்டுவிட்டால் நாளைக்கு மற்றவர்களை நான் எப்படிக் கேட்பது? வைத்திலிங்கம் சார் கிளப் தலைவர். அவரே உன்னைப் பற்றிக் கேட்டார். அதனால்தான் சொன்னேன்.

நீ என்ன தப்பு செய்தாய் என்று கேட்கிறாய். நம் கைச்செட் சின்னது. அதன் சத்தம் அதிக தூரம் போகாது. நம் கிளப்பின் தனி டவர் மேல் இருக்கும் ரிப்பீட்டர் அதை வாங்கி மாவட்டம் முழுக்கத் திருப்பிப் போடுகிறது. அதற்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேச வேண்டும். நீ பதற்றத்தில் அழுத்துவதற்கு முன்பே பேசியிருப்பாய், பேசி முடிப்பதற்குள் விட்டிருப்பாய். புதுசுதானே, யாருக்கும் நடக்கும். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மன்னித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஞாயிறு பதில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நெட்டில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை சோபியா. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

செட்டை ஜெயகணேஷ் கேட்கிறார். ஒருதரம் துடைத்து, செட்டிங்கெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். நீ நெய்வேலிக்கு வராமல் இருப்பதெல்லாம் வேண்டாம். உன் அக்காவுக்கு உன்னை விட்டால் சண்டை போட நான்தான் இருக்கிறேன்.

ஆரோக்கியதாஸ்

*

நெய்வேலி
9 பிப்ரவரி 2025

சோபியாவுக்கு,

செட்டை ஜெயகணேஷுக்குக் கொடுக்கவில்லை. உன் பொருள், உன்னிடமே இருக்கட்டும். ஸ்டெல்லா புதன்கிழமை பண்ருட்டிக்கு வரும்போது கொண்டு வருவாள். பார்த்துவிட்டேன், இப்போது குறை ஒன்றும் இல்லை.

போன கடிதத்தில் பொய் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். இயந்திரம் என்றால் சில நேரம் அப்படித்தான். யாரையும் சொல்ல முடியாது.

அந்தக் கலியமூர்த்தி வீடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம்? எழுது.

எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிறது.

ஆரோக்கியதாஸ்

*

பண்ருட்டி
14 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

இது நீங்கள் எழுதியதுதானா என்று கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஆலோசனை இல்லை, ஒரு கிண்டல் இல்லை, ஆசீர்வாதம்கூட இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று அக்காவைக் கேட்டேன். "ஒரு வாரமா சரியா சாப்பிடல, என்னன்னு கேட்டா எரிஞ்சி விழறாரு" என்று சொன்னாள்.

செட் வந்தது. தொட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "இப்போது" குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. மொட்டைமாடிக்குப் போய் பட்டனை அழுத்தி என் கால்சைனைச் சொன்னேன். விரலை எடுத்ததும் ரிப்பீட்டர் "கிர்ர்" என்று இழுத்துவிட்டு டக்கென்று அணைந்தது. உன் சத்தம் என்னிடம் வந்துவிட்டது என்று அது சொல்கிற அந்தச் சத்தம். புயல் அன்று நான் கூப்பிட்டபோது அந்தச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த ஞாயிறும் வரவில்லை. மழைச் சத்தத்திலும் பதற்றத்திலும் அதைக் கவனிக்கவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புயலுக்கு முந்தின வாரம், பேட்டரி பார்க்க வேண்டும் என்று சொல்லி என் செட்டை வாங்கிப்போனீர்கள். இரண்டு நாள் உங்களிடம் இருந்தது.

என்ன செய்தீர்கள் மாமா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். கலியமூர்த்தி வீட்டு வழியை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

சோபியா

*

நெய்வேலி
23 பிப்ரவரி 2025

சோபியா,

இந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை கிழித்தேன் என்று உன் அக்காவுக்குத் தெரியும். மேலே சேசு மரி சூசை போடவில்லை. கை வரவில்லை.

நம் செட்டுகள் ஹேம்களுக்கு ஒதுக்கிய சேனல்களில் மட்டும்தான் பேசும். உள்ளே கடுகளவு ஒரு பாகம் அந்தப் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறது. அதைச் சூடு காட்டி எடுத்துவிட்டால் செட் எந்தச் சேனலிலும் பேசும். அப்படிச் செய்வது சட்டப்படி தப்பு என்று பாடம் நடத்துகிறவனே நான்தான். எனக்கு மைன்ஸ் வாக்கிடாக்கி சேனல் வேண்டியிருந்தது. எந்த மெஷின் நின்றிருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு, அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து பேசி, ஷிப்ட் ஆட்களை அசத்த வேண்டும். காரணம் அவ்வளவுதான். எழுதும்போது இன்னும் கேவலமாகத் தெரிகிறது.

என் செட்டும் உன் செட்டும் ஒரே மாடல். கை நடுங்கிப் பாழாக்கிவிட்டால் என்னுடையது பாழாகக் கூடாது என்று உன்னுடையதை முதலில் திறந்தேன். பேட்டரி என்று சொன்னது பொய்.

அந்தப் பாகத்தை எடுத்தால் செட்டை ரீசெட் செய்ய வேண்டும். செய்தால் அதில் பதிந்து வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோகும். சேனல்களைத் திரும்பப் பதித்தேன். டோனை மறந்துவிட்டேன். நம் குரலோடு காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஓசையும் போனால்தான் ரிப்பீட்டர் நமக்குக் கதவைத் திறக்கும். அதுதான் டோன். அது இல்லாத செட்டுக்கு மற்றவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். அது பேசுவது ஒருவருக்கும் கேட்காது.

சோதித்துப் பார்க்காமலா கொடுத்தேன் என்று கேட்பாய். பார்த்தேன். உன் செட்டைச் சமையலறையில் உன் அக்காவிடம் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டு, என் செட்டோடு வாசலில் நின்று கேட்டேன். நேர் சேனலில் போட்டால் பக்கத்துப் பக்கத்து செட்டுக்கு ரிப்பீட்டர் எதற்கு? கணீரென்று கேட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

ஜெயகணேஷுக்குக் கொடுப்பதற்காகச் செட்டிங்கைப் பார்த்தபோதுதான் டோன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது தெரிந்தது.  அப்புறமும் உனக்கு உண்மையை எழுதவில்லை. இயந்திரம் என்று எழுதினேன். அதற்காகத்தான் செட்டைத் திறந்ததைவிட அதிகமாக வெட்கப்படுகிறேன்.

கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கலியமூர்த்தியையும் போய்ப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இது நம் வீட்டுக்குள் இருக்கட்டும். நெட்டில் மைன்ஸ் ஆட்களும் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும், ஆபீசில் விசாரணை வரும். உன் அக்காவை நினைத்துக்கொள்.

ஆரோக்கியதாஸ்

*

பண்ருட்டி
2 மார்ச் 2025

மாமா,

அக்காவை நினைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நெட்டில் வைத்துக் கிழித்தபோது நீங்கள் யாரை நினைத்துக்கொண்டீர்கள்?

சாமியாரிடம் சொல்லிவிட்டீர்கள். நல்லது. அவர் காதில் விழுந்தது வெளியே போகாது. அது உங்களுக்கு எவ்வளவு வசதி!

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது உங்களுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பெரியநாயகி வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏம்மா, அந்தப் பொம்மைய வச்சிக்கினு யாருகிட்ட பேசிக்கினு இருந்த? என் வூட்டுக்காரரு காலு அழுவிப்போற வரிக்கும் யாருகிட்ட பேசிக்கினு இருந்த?" நர்ஸ், நோயாளிகள், எல்லோரும் பார்த்தார்கள். பழத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை நாளும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதுதான் பதில். அது உங்கள் கையில் இருந்தது.

உங்கள் செட் பாழாகக் கூடாது என்று என் செட்டைத் திறந்தீர்கள். அதைப் படித்தபோது அழுகை வரவில்லை, கூச்சமாக இருந்தது. இந்த மனிதரிடமா நான் பாடம் படித்தேன், இவர் பாராட்டினால் அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தேனே என்று.

கலியமூர்த்தி வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், வேப்பமரத்தை ஒட்டி ஓட்டுவீடு. போங்கள். ஆனால் அது போதாது. எனக்குக் கடிதத்தில் மன்னிப்பு வேண்டாம். கடிதம் ஒருத்திக்குத்தான் கேட்கும். என் பெயர் கெட்டது ஞாயிறு நெட்டில். அங்கேயே சொல்லுங்கள். என் கால்சைனைச் சொல்லி, அவள் தூங்கவில்லை, கூப்பிட்டாள் என்று சொல்லுங்கள். ஏன் கேட்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லாமல் இருந்தாலும் சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்கள் எனக்கு யாரோ.

சோபியா

*

நெய்வேலி
17 மார்ச் 2025

அன்புள்ள சோபியாவுக்கு,

ஒரு ஞாயிறு தாமதமாகிவிட்டது. முதல் ஞாயிறு செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் முறை வந்தபோது எல்லோர் குரலும் நூற்றுக்கு நூறு தெளிவு, நன்றி என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன். உன் அக்கா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.  சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கம்மாபுரம் போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார் கலியமூர்த்தி. நான் யார் என்று சொன்னேன், என்ன செய்தேன் என்று சொன்னேன். டோன், ரிப்பீட்டர் எதுவும் பேசவில்லை. நான் அந்தப் பெண்ணின் செட்டைக் கெடுத்து வைத்தேன், அதனால்தான் அவள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜீப்பு எங்கங்க நின்னுக்கினு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கம்மாபுரம் ஆபீஸ் வாசல்ல."

"அங்கதான் நான் டெய்லி ஷிப்ட்டுக்கு பஸ் ஏறுவன்" என்றார்.  இல்லாத காலுக்கு மேல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெரியநாயகி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு சொல்லிட்டீங்க, சரி. அந்தப் பொண்ண நான் ஆசுபத்திரில வாய்க்கு வந்தபடி பேசிட்டன். அது கொண்ணாந்த பழத்தக்கூட தொடல. அதுகிட்ட யாரு போயி சொல்லுவாங்க?" என்று அழுதார். தண்ணீர் கொடுத்தார், குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நெட்டில் சொன்னேன். வைத்திலிங்கம் சார் கன்ட்ரோல். என் முறை வந்ததும் முதலில் உன் கால்சைனைச் சொன்னேன். அந்த ஸ்டேஷன் புயல் அன்று தூங்கவில்லை, தொண்டை கட்டக் கூப்பிட்டது, நான் சட்டத்துக்கு விரோதமாக அந்தச் செட்டைத் திறந்து டோனை அழித்துவிட்டேன், அதனால் ஒருவர் காலை இழந்தார், ஜீப்பைத் திருப்பி அனுப்பியதும் நான்தான் என்று சொன்னேன். எதற்காகத் திறந்தேன் என்பதையும் சொன்னேன். அப்புறம் பட்டனை விட்டேன்.

யாரும் பேசவில்லை. அத்தனை பேர் இருக்கிற நெட்டில் ஒரு குரல் இல்லை. காத்திருந்தேன். திரும்ப ஒருதரம் என் கால்சைனைச் சொல்லி, கேட்டதா என்று கேட்டேன். அப்போதும் இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? ரிப்பீட்டரின் "கிர்ர்" கேட்டிருந்தும் நம்பாமல், செட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து டோன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்போதுதான் சோபியா, அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ எப்படி நின்றிருப்பாய் என்று எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் எழுதியதெல்லாம் வார்த்தைதான்.

கடைசியில் வைத்திலிங்கம் சார், "அடுத்த ஸ்டேஷன், வாங்க" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

இன்றைக்கே மைன்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. வியாழக்கிழமை ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள். லைசென்சைத் திருப்பிக் கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். உன் அக்கா பயப்படுகிறாள், ஆனால் நேற்று ராத்திரி எனக்கு அவளே சோறு போட்டாள்.

நீ கேட்டாயா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மாமா
ஆரோக்கியதாஸ்

*

பண்ருட்டி
20 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டேன். நீங்கள் சொல்லாமல் விட்ட ஞாயிறும் மொட்டைமாடியில்தான் இருந்தேன், சொன்ன ஞாயிறும் அங்கேதான் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

கேட்டதா என்று நீங்கள் இரண்டாவது தரம் கேட்டபோது என் விரல் பட்டன்மேல் இருந்தது. அழுத்தப் போனேன். பேசவில்லை. உடனே விரலை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நீங்களும் அப்படி நிற்கட்டும் என்று வேண்டுமென்றேதான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது அது, எனக்குத் தெரிந்தே செய்தது இது. டோன் இருக்கிறதா என்று நீங்கள் பார்த்ததைப் படித்ததிலிருந்து எனக்கு என்மேலேயே வெட்கமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்குத்தான் உங்களை ஆபீசில் கூப்பிட்டிருப்பார்கள். என்ன ஆனாலும் அக்காவிடம் சொல்லுங்கள், நான் சனிக்கிழமை வருகிறேன். முதலில் கம்மாபுரம் போய்ப் பெரியநாயகியைப் பார்த்துவிட்டு வருகிறேன். பழம் வாங்கிப் போகிறேன்.

லைசென்சைத் திருப்பிக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஞாயிறு காலை நெட்டில் நீங்கள் இருக்க வேண்டும். யாரும் உங்களோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, இருங்கள். உங்கள் முறை வந்ததும் என் கால்சைனைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கம்மாபுரம் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

சோபியா